மலை ஏறாத வேன்

1

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்: நாங்கள் வேன் வாங்கிவிட்டோம். வாங்கி மூன்று மாசம் ஆகிறது. ஆனால் அதே மஞ்சக்குட்டையில் இருக்கும் என் அக்கா பாப்பாத்தி மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமலே இருந்தாள்.

நானும் என் வீட்டுக்காரர் பொன்னுசாமியும் மகள் வள்ளியும் நியூசிலாந்துக்கு வந்து, வெலிங்டன் என்கிற இந்தக் காற்றடிக்கும் ஊரில் குடியேறி, இந்த மாசத்தோடு எட்டு வருஷம். அதைக் கொண்டாடுகிறேன் பேர்வழி என்று இந்த வருஷம் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கித் தள்ளினோம். சோறு வெந்ததும் மணியடிக்கும் குக்கர் ஒன்று. குடை மூன்று, மூன்றையும் காற்று பறித்துக்கொண்டு போய்விட்டதால் இப்போது குடை இல்லை. யாரோ வைத்திருந்து விற்ற மெத்தை நாற்காலி ஒன்று. பக்கத்துப் பிடியை இழுத்தால் அது நம் காலைத் தூக்கிவிட்டுப் படுக்க வைத்துவிடும். முதல் நாள் அதில் உட்கார்ந்து இழுத்த என் வீட்டுக்காரர், எழுந்திருக்க வழி தெரியாமல், நான் கடைக்குப் போய் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கடைசியாக வாங்கியதுதான் வேன். நான் திரைச்சீலை தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கிறவள். எனக்கு அது வேண்டியிருந்தது.

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை போனுக்குக் கூப்பிடுவேன். கடைக்காரர் போய் அக்காவை அழைத்து வருவார்.

“அக்கா, வேன் வாங்கிட்டமுங்க!”

“செரி கண்ணு. சோறு உண்டாச்சா?”

“வேனுங்க்கா! நொம்பப் பெருசு. சொல்றேன் கேளுங்க, அது வந்து...”

“இரு இரு, ஒன்னும் சொல்லாத. மலை ஏறுச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்பறம் என்ன? வள்ளி எப்பிடி இருக்கறா?”

எங்கள் பக்கம் அப்படித்தான். சேலத்தில் போய் வண்டி எடுக்கலாம், மாலை போடலாம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம். அது வாங்கியது ஆகாது. வீட்டில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்து, அது மலை ஏற வேண்டும். அதுவரை யாரும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். ஏறிவிட்டதோ, விசாரணைக்கு அளவே இருக்காது. என்ன கலர், எத்தனை பேர் உட்காரலாம், முன்னால் யார் வைத்திருந்தார்கள், ஹாரன் எப்படி, டிரைவருக்கு எதிரே என்ன சாமி படம்... அந்த விசாரணைக்காகத்தானே மனுஷன் வண்டியே வாங்குகிறான்! மூன்று மாசமாக என்னை ஒரு ஜீவன் விசாரிக்கவில்லை. சொன்னால் வெட்கம், எனக்கு ஏக்கமாக இருந்தது.

இங்கே மலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவே மலைதான். அடியில் நாங்கள், உச்சியில் வள்ளியின் பள்ளிக்கூடம். வேனும் ஏறும். ஏற மாட்டேன் என்றது வள்ளி.

2

வள்ளிக்குப் பதினைந்து வயது. அவள் தோழிகள் பெயரைப் பாதியாக வெட்டி ‘வால்’ என்று கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை.

வேன் ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலில் வந்தது. இங்கே பழைய வண்டிகள் பாதி அப்படித்தான் வருகின்றன. எங்களுடையதன் பக்கவாட்டில் ரோஸ் கலரில் ஆளுயர ஆக்டோபஸ் ஒன்று வரைந்திருந்தது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, எட்டுக் கையாலும் வா வா என்று கூப்பிடும். பக்கத்தில் நாலு எழுத்து. அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பெயின்ட் அடித்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

“அழிக்கறதா? அது சிரிச்சுக்கிட்டு இருக்குது சரசு. சிரிக்கறதப் போயி எப்பிடி அழிக்கறது?” என்றார் என் வீட்டுக்காரர்.

வள்ளி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இதில் ஏறிப் போவதை யாராவது பார்த்தால் நான் பள்ளிக்கூடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் கோபமும் சந்தோஷமும் இங்கிலீஷில்தான் படுகிறாள். பசி மட்டும் இன்னும் தமிழில் இருக்கிறது.

அன்றைக்கு நான் சிரித்தேன். ஆனால் மறுநாள் காற்றில் சாய்ந்து சாய்ந்து அவள் அந்த மேட்டில் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண் எங்களை விட்டுத் தள்ளிப் போகிறாள், ஒரு வேனில்கூட மூன்று பேராக உட்கார முடியவில்லை என்று தோன்றியது. அவள் ஏற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அக்காவின் சட்டத்துக்காக மட்டும் இல்லை.

இதற்கு நடுவில் வண்டியை எங்கள் பெயருக்கு மாற்றும் படிவம் வேறு. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். இவர் தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் நம் ஊர் வழக்கப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாசம் கழித்து அச்சாகி வந்த தாளில் வண்டியின் சொந்தக்காரர் திரு. சின்னுசாமி. அதாவது என் மாமனார். தலைச்சோலையில் காப்பித் தோட்டத்துக்குள் குடியிருப்பவர், சேலத்துக்கு இறங்குவதையே தொல்லை என்று நினைப்பவர், இப்போது வெலிங்டனில் ஆக்டோபஸ் வேன் வைத்திருக்கிறார். திருத்தித் தரச் சொல்லி இன்னொரு படிவம் போட்டோம். அதற்குத் திரு. சின்னுசாமி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்தது. விட்டுவிட்டோம்.

3

எங்கள் முதல் வேனும் பழசுதான். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. இவர் அப்போது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் ஜீப்பை ஓட்டிப் பழகியிருந்தார். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு பஜாருக்கும் ஆளும் ஆரஞ்சுக் கூடையும் ஏற்றி ஓட்டலாம் என்று சேலத்தில் சர்க்கார் ஏலத்தில் போய் ஒரு வேனை எடுத்தார். அது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு ஓடிய வண்டி. இரண்டு பக்கமும் தலைகீழாகப் பெரிய சிவப்பு முக்கோணம். உள்ளே நடுவில் ஒலிபெருக்கி வைக்கிற மரப்பெட்டி. முன் சீட்டிலிருந்து பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது.

புதுப்பொண்டாட்டியைக் கல்யாணப் பட்டுப் புடவையோடு முன்னால் உட்கார வைத்து, அந்த முக்கோணத்தோடு அடிவாரத்திலிருந்து கிளம்பினார். கொண்டை ஊசி வளைவு மொத்தம் இருபது. மூன்றாவதிலேயே வழியில் மாடு பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர் வண்டியைப் பார்த்ததும், ஆபரேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாட்டை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தார்கள். ஐந்தாவதில் வண்டி நின்றது.

கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அதற்காகவே எஸ்டேட் ஆசாரியிடம் சொல்லிப் பலா மரத்தில் ஒரு கட்டை செதுக்கி வாங்கி வைத்திருந்தார். அதுவும் முக்கோணம்தான், பிடித்து இழுக்கக் கயிறு கோர்த்தது. “எறங்கி அந்தக் கட்டையப் பின் சக்கரத்துல போடு சரசு, ஒரு நிமிசம்” என்றார். போட்டேன். வண்டியைக் கிளப்பினார். கிளம்பியதும் கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து பின்கதவு வழியாக நான் ஏறிக்கொள்ள வேண்டும். ஏறுகிற வண்டி நிற்கக் கூடாது. நின்றால் மறுபடியும் கட்டை. இதுதான் மலைவண்டியின் முறை. எட்டாவதிலும் அப்படியே. பத்தாவதிலும் அப்படியே. எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

பதின்மூன்றாவது வளைவில் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடும்போது என் செருப்பு கழன்றுவிட்டது. குனிந்து மாட்டி நிமிர்ந்தால் வண்டி இல்லை. குலுங்கிய குலுக்கலில் பின்கதவு தானாகவே டமார் என்று சாத்திக்கொண்டது. நான் ஏறிவிட்டேன் என்று அவர் போய்விட்டார்.

வளைவுக் கல்லுக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையும் பலாக் கட்டையுமாக நான் நின்றேன். இரண்டு குரங்குகள் மட்டும் என்னைப் பார்த்தன. கீழேயிருந்து சேலம் பஸ் வந்தது. டிரைவர் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, எங்கீங்க போகோணும்?”

“முன்னாடி போற வேனுக்குங்க!”

“அந்த முக்கோணத்துக்கா?” என்றவர் வேறு எதுவும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

பதினைந்தாவது வளைவு தாண்டியதும் வேன் அகப்பட்டது. நடந்து போகிறவனே முந்தலாம், அந்த வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ் பக்கத்தில் ஒட்டிப் போனபோது பார்த்தால், என் வீட்டுக்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். “வாங்குனது செரிதான, நீயே சொல்லு!” என்பது எனக்குக் கேட்டது. நான் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, கட்டையைத் தூக்கி ஆட்டி, “செரிதானுங்க!” என்று கத்தினேன். பஸ்ஸே கத்தியது.

அவர் என்னைப் பார்த்தார். பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அதிர்ச்சியில் பிரேக்கை மிதித்துவிட்டார். எஞ்சின் அணைந்து, வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பஸ் நின்றதும் நான் குதித்து ஓடிக் கட்டையைப் போட்டேன். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். இருபதாவது வளைவுவரை முன்னால் எங்கள் முக்கோணம், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ். ஏற்காட்டுக்குள் ஊர்வலமாகவே நுழைந்தோம். நான் அத்தனை நேரம் எதிர்த்துப் பேசாமல் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று இவர் இன்றுவரைக்கும் சொல்கிறார்.

மஞ்சக்குட்டை போய்ச் சேர்ந்ததும் பிரச்சினை வந்தது. பொண்டாட்டி பாதி வழி பஸ்ஸில் வந்திருக்கிறாள், வீட்டார் எல்லோரும் ஏறவில்லை, எனவே வண்டி மலை ஏறியதாகக் கணக்கில்லை என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“கட்டையப் போட்டுட்டு அங்கியே உட்டுட்டு வந்தாளா? கையோட கொண்டாந்தாளா?”

“கையோடதான்” என்றார்கள்.

“கட்டை கையில இருக்கற வரைக்கும் அவ வண்டியிலதான் இருக்கறா. போயி வண்டிய விசாரிங்க.”

ஊரே வந்து விசாரித்தது. இரண்டு நாள் பதில் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

4

முக்கோணத்தின் மேல் இரண்டு தரம் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். வெயிலில் தெரியாது. பனி இறங்கி வண்டி நனைந்தால் மெல்ல மெல்லச் சிவப்பாக வெளியே வரும். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் அந்த வேனை வாடகைக்குக் கேட்டதில்லை. வள்ளி பிறந்தபோது, “முக்கோணம் தோத்துப்போச்சுங்க பொன்னுசாமி!” என்று பஜாரில் இவரை நிறுத்தி நிறுத்திக் கைகொடுத்தார்கள்.

வள்ளி அந்த வேனில்தான் வளர்ந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியில் பழைய சேலை விரித்துப் படுக்க வைப்பேன். அவள் முதலில் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வண்டி மேட்டில் முக்கி முனகினால் பெட்டியைப் பிடித்து எழுந்து நின்று, “கட்டே! கட்டே!” என்று கத்துவாள். ஏறியிருக்கும் ஆரஞ்சு வியாபாரிகள் எல்லோரும் கூடச் சேர்ந்து கத்துவார்கள்.

இங்கே வருவதற்கு முன் வேனைத் தலைச்சோலைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். கட்டையை மட்டும் இவர் கொடுக்கவில்லை. வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்த நாட்டில் வெளிநாட்டு மரத்தைப் பூச்சி வரும் என்று சுலபத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்தில் கட்டையைத் தனி மேஜையில் வைத்து இரண்டு அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். எனக்கு அப்போது இருந்த இங்கிலீஷில், “எங்கள் பிரேக்” என்றேன். அவர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து, புகை போட்டுச் சுத்தம் செய்து, பூச்சி இல்லை என்ற சான்றிதழோடு தபாலில் வந்தது. எங்கள் மூவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அச்சாகி வருவதற்கு முன் கட்டைக்கு வந்துவிட்டது. எட்டு வருஷம் வாசல் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது வேனின் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

5

இவருக்கு இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் இடத்தில் வேலை. அதனால் வேனை நான்தான் ஓட்ட வேண்டும். லைசென்சுக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தியிருக்கக் கூடாதாம்.

இரண்டாம் தரம் தேர்வு அதிகாரி என்னை ஒரு மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொன்னார். கிளட்சை விட்டதும் எஞ்சின் அணைந்தது. அதற்குப் பிறகு என் கை கால்கள் என்னைக் கேட்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், கதவைத் திறந்தேன், பின்னால் ஓடினேன், கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். நிமிர்ந்து, “போட்டாச்சுங்க, எடுங்க!” என்று தமிழில் கத்தினேன். ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை. பக்கத்துச் சீட்டில் அந்த மனுஷன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். தாளில், ‘வாகனத்தை விட்டு இறங்கிவிட்டார்’ என்று மட்டும் எழுதினார்.

இதை வீட்டில் சொன்னபோது வள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேனில் ஏறுகிறாயா என்று வெளியே நின்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் தரம் வேறு அதிகாரி வந்தார். கட்டையை இவர் முந்தின நாளே ஒளித்து வைத்துவிட்டார். தேறிவிட்டேன்.

6

போன சனிக்கிழமை காலையில் மழை. வள்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாட்டு. தூங்கிவிட்டாள். நடந்து போக நேரம் இல்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள், ஆக்டோபஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, அப்பா தலையை வெளியே நீட்டக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் துள்ளி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேர். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

மேடு ஆரம்பிக்கிற மூலையில் அவள் தோழி ரேச்சல் நனைந்துகொண்டு நின்றாள். வேனைப் பார்த்ததும் ஆக்டோபஸுக்கு எதிரே தானும் இரண்டு கையையும் ஆட்டினாள். வேறு வழியில்லாமல் வள்ளி கதவைத் திறந்து அவளை ஏற்றிக்கொண்டாள்.

பாதி மேட்டில் முன்னால் போன கார் நின்றது. நானும் நின்றேன். அது கிளம்பியது. நான் கிளம்பவில்லை. எஞ்சின் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பஸ். “பதட்டப்படாத சரசு” என்று இவர் பதட்டமாகச் சொன்னார்.

பின்கதவு சர்ரென்று திறக்கிற சத்தம் கேட்டது.

“கட்டை போட்டாச்சு! எடுங்கம்மா!”

வள்ளியின் குரல். தமிழ். மழைக்கு நடுவில், பின் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து.

எடுத்தேன். வண்டி கட்டையில் முட்டி நின்று, உறுமி, ஏறியது. நிற்கக் கூடாது. எனக்குள் இருந்த ஏற்காடு அதை மட்டும்தான் சொன்னது. முதல் கியரிலேயே மேலே மேலே போனேன். ரேச்சல் பின்னால் கிறீச்சிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் தலையைத் திருப்பாமலே, “பாத்தியா கண்ணு, அப்பன் வாங்குன வண்டி எப்பிடி ஏறுது! செரியா தப்பா, நீயே சொல்லு!” என்று வள்ளியிடம் பேசிக்கொண்டே வந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வலப்பக்கம் பஸ் முந்தியது. ஜன்னலில் சொட்டச் சொட்ட நனைந்த தலை. “சரிதாம்ப்பா!” என்று கத்திக்கொண்டு என் மகள் பலாக் கட்டையைத் தூக்கி ஆட்டினாள். அந்தக் கதையை வீட்டில் சொல்லும்போதெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்று நினைத்திருந்தேன். இவர் அவளைப் பார்த்தார். பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். நல்லவேளை, பிரேக் என் காலடியில் இருந்தது.

நான் அழுதேன் என்று இவர் சொல்கிறார். மழை என்று நான் சொல்கிறேன். அழுதேன்தான்.

ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தினேன். நிபந்தனை நிபந்தனைதானே. பள்ளிக்கூட கேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கிய வள்ளி, தன் கோஷ்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டி ஆட்டி எங்களை வா வா என்று கூப்பிட்டாள். போனேன். சரிவில் நிறுத்தச் சொல்லி, அவளே குனிந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டாள்.

“வெளையாட்டு முடிஞ்சதும் வாங்கம்மா. இங்கயே வாங்க, கேட்டுக்கே” என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன மாசம் பேசி நாலு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் கடை போனுக்குக் கூப்பிட்டேன்.

“அக்கா, வண்டி மலை ஏறிடுச்சுங்க!”

“ஊட்டுல எல்லாரும் ஏறுனீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் வரவில்லை. “வள்ளி பாதியில எறங்கிட்டாளுங்க. பஸ்ஸுலதான் மேல வந்தா.”

கடையில் யாரையோ சும்மா இருக்கச் சொல்லி அக்கா அதட்டுவது கேட்டது.

“எதுக்கு எறங்குனா?”

“கட்டை போடறதுக்குங்க.”

“போட்ட கட்டைய அங்கியே உட்டுட்டு வந்தாளா? கையோட கொண்டாந்தாளா?”

“கையோடதானுங்க.”

அக்கா போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு மளிகைக் கடையே அதிரக் கத்தினாள்: “ஏனுங்க, எங்க சரசு வேன் வாங்கிட்டாளுங்க!” பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“செரி கண்ணு, இப்பச் சொல்லு. என்ன கலரு?”